பாரிஸ் கோபுரத்தடியில் ஆறு கிலோ காளான்

டெல்ச்,
18 அக்டோபர் 1990

பெருமதிப்புக்குரிய மச்சான் வெந்தெலின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பிளாஷெனாவைக் கைப்பிடித்த அலோய்ஸ் பொகோர்னி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் எங்கள் ஏழு முயல்களும் சுகம். பிர்னோவில் உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், லுத்மிலா அக்கா காய்ச்சும் பிளம் ஜாம் இந்த வருடமாவது அடிபிடிக்காமல் இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கறிக்கடை தொலெஷல் அடுத்த வாரம் பிர்னோவுக்கு வருகிறான். வந்தால் உங்கள் வீட்டுப் படி ஏறாமல் போக மாட்டான். ஏறினால், “உங்க மச்சான் பாரிஸ்ல கோபுரத்துக்கு அடியில துண்டு விரிச்சுப் பிச்சை எடுத்தாரு, போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு” என்று சொல்லாமல் இறங்க மாட்டான். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மச்சான், விரித்தது துண்டு அல்ல, செய்தித்தாள். எடுத்தது பிச்சை அல்ல. கூட்டிப் போனது போலீஸ் அல்ல, நாய் வைத்திருந்த ஒரு அம்மாள். மற்றபடி அவன் சொல்வது உண்மைதான். ஆனால் அரைகுறையாகக் கேட்டு நீங்கள் மனம் வருந்தக் கூடாது என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணத்தன்று சத்திரத்தில் மேசைமேல் ஏறி நின்று நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். “பிளாஷெனாவை ஒருநாள் பாரிஸ் கோபுரத்துல ஏத்திக் காட்டுறேன்” என்றேன். நீங்கள்கூட, “முதல்ல நீ மேசையை விட்டு இறங்கு” என்று கிண்டல் செய்தீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் எல்லையைப் பூட்டி வைத்திருந்த காலத்தில் மனிதன் எங்கே போவது, மிஞ்சிப் போனால் பல்கேரியா. முப்பத்துநாலு வருடம் அந்த வாக்கு என் தொண்டையில் முள்ளாக நின்றது. உங்கள் தங்கை ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருப்பாளா? மாட்டாள். ஒவ்வொரு கல்யாண நாளிலும் நானே பேச்சை எடுப்பேன். “அதுக்கென்ன இப்போ, சூப் ஆறுது பாரு” என்பாள். ஆசையை எவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருந்தால் ஒரு பெண் சூப்பைப் பற்றிப் பேசுவாள், நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான், எல்லை திறந்து, “பாரிஸில் ஒரு நாள்; தங்குமிடம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பஸ் உண்டு” என்று விளம்பரம் வந்த அன்றே பணத்தைக் கட்டினேன். வெள்ளி மதியம் புறப்பாடு, சனி காலை பாரிஸ், சனி மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும், இரண்டு இரவும் படுக்கை பஸ் சீட்தான். வழிகாட்டியாக வந்த யித்கா, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற பெண். “அங்க ஒரு கிளாஸ் தண்ணி வாங்குற காசுல நாம இங்க ஞாயிற்றுக்கிழமை விருந்தே சாப்பிடலாம், எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வாங்க” என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள். எனவே வியாழன் மாலை புறப்பட இருந்த அத்தனை குடும்பங்களும் ரொட்டித்தூள் தடவி ஒரே பதார்த்தத்தைப் பொரித்தன. ஊரே கல்யாண வீடு மாதிரி மணத்தது. பிளாஷெனா மட்டும் பதினெட்டுத் துண்டு இறைச்சி பொரித்தாள். அதோடு அவித்த முட்டை, ஊறின வெள்ளரிக்காய், இரண்டு தெர்மாஸ் காப்பி. பஸ் புறப்பட்டுப் பத்தாவது நிமிடம் யாரோ ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தார். அவ்வளவுதான், பாக்கி முப்பத்தொன்பது பேரும் பிரித்துவிட்டார்கள். டிரைவர் ராதிம் ஜெர்மனி முழுவதையும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே கடந்தான்.

பாரிஸுக்கு வெளியே ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒரே குழாயில் நாற்பது பேரும் பல் தேய்த்து முகம் கழுவினோம். அங்கே வேலை பார்த்தவன் முதலில் கோபப்பட்டான், பிறகு எண்ண ஆரம்பித்தான், கடைசியில் தன் சோப்பையே கொடுத்துவிட்டான். நல்ல மனிதர்கள். அப்புறம் ஊர் சுற்றல். “வலது பக்கம் பாருங்க, ராஜாவோட அரண்மனை. இடது பக்கம் நதி. இறங்கினா நிறுத்துறதுக்குக் காசு கேப்பாங்க, அதனால உட்கார்ந்தே பாருங்க” என்று யித்கா சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நதிதான் அதிகம் கிடைத்தது. குறை சொல்லவில்லை, நல்ல அகலமான நதி. கோபுரமும் ஒருமுறை தூரத்தில் தெரிந்தது. நான் பிளாஷெனாவின் கையை அழுத்தினேன். அவள், “அடேயப்பா, அவ்வளவு உசரமா” என்றாள். குரல் நடுங்கியது. முப்பத்துநாலு வருட ஆசை, நடுங்காதா?

திட்டம் இதுதான்: மதியம் ஊர் ஓரத்தில் ஒரு காட்டருகே பஸ்ஸை நிறுத்திச் சாப்பாடு, பிறகு நடந்து கோபுரம், நிதானமாக ஏறி இறங்கி, ஆறு மணிக்கு அந்தக் கோபுரத்துக்கு எதிரே உள்ள பாலத்தில் பஸ் ஏற வேண்டும். லிப்டில் இரண்டு பேர் இரண்டாவது தளம் வரை போகக் கணக்காகப் பிராங்க் வாங்கி, பிளாஷெனா அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். அதைத் தவிர எங்களிடம் பிரெஞ்சுக் காசு கிடையாது. அதனால்தான் வினையே வந்தது. அந்த ஊரில் ஒன்றுக்குப் போகவும் நாணயம் போட வேண்டும். கோபுரக் காசில் கை வைக்க மனமில்லாமல் சாப்பிட்ட கையோடு நான் மரத்துப் பக்கம் ஒதுங்கினேன்.

மச்சான், அது எந்தக் காடு, எந்தத் திசை என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்றில்லை, கடிதம் பத்துக் கை மாறி வருகிறது. ஓக் மரத்தடியில் நின்றது. பழுப்புத் தொப்பி, தடித்த கால், ஒரு பூச்சிக்கடி இல்லை. தனியாக இல்லை, குடும்பத்தோடு நின்றது. அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பாரிஸ்காரன் ஒருவன் அரைக்கால் சட்டையோடு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, என் கண்முன்னே அதைத் தாண்டிப் போனான். யாரும் அவனைத் துரத்தவில்லை, சும்மாதான் ஓடுகிறான். குனிந்து பார்க்கக்கூட இல்லை! இந்தக் காளான் நம் பக்கத்துக் காட்டில் தலை காட்டியிருந்தால் விடிவதற்குள் ஆறு பேர் அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் போன காரியத்தையே மறந்துபோனேன். பஸ்ஸுக்கு வந்து, இறைச்சிப் பையைக் காலி செய்து, முகத்தை ஒன்றும் தெரியாதவன் போல வைத்துக்கொண்டு பிளாஷெனாவுக்குக் கண்ணைக் காட்டினேன். காளான் கத்தி என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், சாவு வீட்டுக்குப் போனாலும் இருக்கும். ஆனால் தொலெஷல் இருக்கிறானே, அவனுக்கு மூக்கு நாய் மூக்கு. “என்ன பொகோர்னி, ஒதுங்கிட்டு வர்றதுக்குப் பை எதுக்கு?” என்றான். “காத்து வாங்க” என்றேன். “பையிலயா?” என்றான்.

கால் மணி நேரத்தில் பஸ்ஸே காட்டுக்குள் இருந்தது. நாற்பது செக்கோஸ்லோவாக்கியர்கள் இடுப்பை வளைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் மரத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யித்கா ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். “இது பாரிஸ்ங்க! பாரிஸ்! இதுக்கா ஆயிரம் கிலோமீட்டர் வந்தீங்க?” தபால்காரர் சம்சாரம் தலை நிமிராமலே பதில் சொன்னாள்: “நம்ம ஊர்ல இவ்வளவு பெருசு கிடைக்காதும்மா.” கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் யித்காவும் தன் கழுத்துத் துணியைக் கழற்றி மடியாக்கிக்கொண்டு ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பூகோளம் படித்தவளும் நம் பெண்தானே.

முதுகை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை. முப்பத்துநாலு வருடம் சுமந்த வாக்கை ஒரு பை காளானுக்காக மறந்திருக்கிறேன்! “பிளாஷெனா, கோபுரம்!” என்று அலறினேன். அவள் ஒரு இளசை மெதுவாகத் திருகி எடுத்துக்கொண்டே, “விடு லொய்ஸோ, கோபுரம் எங்க ஓடிடப் போகுது. இங்கயே நல்லாத்தானே இருக்கு” என்றாள். எனக்காகத் தன் ஆசையை முழுங்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “முடியாது. இன்னைக்கு நீ ஏறித்தான் ஆகணும்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மெட்ரோவுக்குக் காசு இல்லை. ஆறு கிலோ காளானோடு ஒரு மணி நேரம் நடந்தோம். ஓடினோம் என்றே சொல்லலாம்.

கோபுரத்தடியில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். காளான். சட்டைப்பையைக் காட்டச் சொன்னான். கத்தி. அதன் நுனியில் மண் தட்டுகிற சின்னப் பிரஷ் இருக்குமே, அதைப் பார்த்து அவன் இன்னும் பயந்துவிட்டான். நான் ஒரு காளானை எடுத்து, கத்தியால் சீவி, பிரஷால் துடைத்து, இதற்குத்தான் என்று செய்து காட்டினேன். பின்னாலிருந்த வரிசை கைதட்டியது. காவலாளி தட்டவில்லை. இவன் ஏறக் கூடாது என்று கையை நீட்டிக் காட்டிவிட்டான். கத்தியையும் பையையும் கீழே யாரிடமாவது கொடுத்துவிட்டு ஏறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யாரிடம்? பக்கத்தில் தெரிந்த முகம் தொலெஷல் ஒருவன்தான்.

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை உதித்தது. இரண்டு பேர் இரண்டாவது தளம் வரை போகிற காசில் ஒரே ஆள் உச்சி வரை போகலாம்! “பிளாஷெனா, நீ போ. உச்சிக்கே போ. எனக்கும் சேர்த்துப் பாத்துட்டு வா” என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “நான் மட்டுமா? வேண்டாம் லொய்ஸோ. சேர்ந்தே கீழ நிப்போம்” என்றாள். என் தியாகத்தை அவளால் தாங்க முடியவில்லை. நான் கேட்கவில்லை, வரிசைப் பக்கம் திருப்பி, முதுகில் கை வைத்துத் தள்ளினேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். போ போ என்று கை காட்டினேன். அப்புறம் கூட்டம் அவளை மறைத்துவிட்டது. அந்த நிமிடம் என் நெஞ்சு எவ்வளவு லேசானது என்று எனக்குத்தான் தெரியும்.

இனி பிச்சைக் கதை. காளானை அறுத்துக் காயவைக்காமல் பையில் அமுக்கி வைத்தால் ஊர் போவதற்குள் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல வெயில். ஒரு நீளக் கல் திட்டு சும்மா கிடந்தது. செய்தித்தாளை விரித்து, தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்து, மெல்லிசாகச் சீவிப் பரப்ப ஆரம்பித்தேன். அமைதியாக ஒரு வேலை, தலைக்கு மேலே கோபுரம், அதன்மேல் என் மனைவி. அப்படியொரு நிறைவு. அப்போது தொப்பியில் ஏதோ டங்கென்று விழுந்தது. நாணயம். போட்டவர் பின்னால் ஓடிப் போய் அவர் கையில் திணித்தேன். அவர் குழம்பிப் போய் இன்னும் ஒன்று சேர்த்துக் கொடுத்தார். நான் திரும்பி வருவதற்குள் தொப்பியில் மேலும் மூன்று. சற்றுத் தள்ளி அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னை முறைத்தான். பிழைப்பைக் கெடுக்க வந்தவன் என்று நினைத்திருப்பான். அத்தனையையும் அள்ளி அவன் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். இந்தப் பாதியைத் தொலெஷல் சொல்ல மாட்டான்.

அந்த நேரம் பார்த்து நாய்க்கார அம்மாள் வந்தார். காளானைக் காட்டி, வாயைக் காட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கைத் தள்ளிச் செத்துக் காட்டினார். இல்லை இல்லை என்று நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. செய்தித்தாளோடு எல்லாவற்றையும் சுருட்டி, ஒரு கையில் நாய், ஒரு கையில் என் சட்டைக் கை என்று பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தார். அந்த நாட்டில் காளான் பொறுக்கினால் மருந்துக்கடைக்காரரிடம் காட்டித் தேர்ச்சி வாங்க வேண்டுமாம்! ஆறு வயதிலிருந்து காளான் பொறுக்குகிற என்னை! வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் என் காளான்களை இருமல் மருந்துகளுக்கு நடுவே பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் ஜெர்மன் வந்தது, எனக்கும் கொஞ்சம் வரும். கீறினால் சிவக்கிற அந்த வகை ஒன்றைத் தனியே தள்ளினார். “இதை நான் விட மாட்டேன்” என்றார். “ஐயா, இதைத்தான் எங்க மாமனார் வீட்ல வேகவச்சு, வதக்கிக் கல்யாண விருந்துக்கே போட்டாங்க” என்றேன். “எத்தனை பேர் பிழைச்சாங்க?” என்றார். “எல்லாரும் இன்னும் கடன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க” என்றேன். அவர் அசையவில்லை, சிவக்கிற ஏழும் குப்பைக்குப் போயின. மற்றவை எல்லாம் தேர்ச்சி. பிறகு அவர் நாய்க்கார அம்மாளை வாசல்வரை மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்தி, “சரி, எங்கே எடுத்தீங்க?” என்று கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன். “ஆஸ்திரியா பக்கம்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “நானும் எப்பவும் ஆஸ்திரியா பக்கம்தான்” என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். மச்சான், முன்பின் தெரியாத ஊரில் ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி இருந்தது. காசு வாங்கவில்லை. மாத்திரைகள் வந்த பெரிய அட்டைப் பெட்டியில் எல்லாவற்றையும் பூப்போல அடுக்கிக் கொடுத்தார்.

ஆறுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கோபுரத்தடிக்கு ஓடி வந்தேன். பிளாஷெனா நின்றுகொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, தோள் இறங்கி, அப்படியொரு முகம். கல்யாணத்தன்றுகூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு லொய்ஸோ. சொல்லவே தெரியலை.”

“ஆளுங்கல்லாம் எறும்பு மாதிரி தெரிஞ்சாங்களா?”

“ஆமா. எறும்பு மாதிரி.”

“நதி?”

“நதியும்தான்.”

“என்னைத் தெரிஞ்சுதா?”

“தெரியாம? செய்தித்தாளை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. நல்லாத் தெரிஞ்சுது.”

அவ்வளவு உயரத்திலிருந்தும் கண் என்னைத்தான் தேடியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு கணவனுக்கு என்ன வேண்டும்? பாலத்தில் பஸ் ஏறினோம். யித்கா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். நாற்பது பேரின் காளானும் மாலையாகி, பஸ்ஸின் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்குத் தோரணமாகத் தொங்கியது. ஜெர்மன் எல்லையில் ஏறிய சுங்க அதிகாரி தலையில் நாலு துண்டு இடித்தது. மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். தொலெஷலுக்கு ஒன்றரைக் கிலோதான் கிடைத்தது. அவன் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே மச்சான், மேசைமேல் நின்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். உங்கள் தங்கை பாரிஸின் உச்சியைத் தொட்டுவிட்டாள். இனி நான் நிம்மதியாகக் கண்ணை மூடலாம், அவசரம் இல்லை. இத்துடன் ஒரு பொட்டலம் காய்ந்த காளான் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைச் சூப்பில் போடுங்கள். லுத்மிலா அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் பாதாள அறை காலியாகாமலும் இருக்கட்டும்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
அலோய்ஸ் பொகோர்னி

பின்குறிப்பு: அண்ணா, இது பிளாஷெனா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒட்டின உறையைச் சூப் ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். நான் ஏறவில்லை. செர்ரி மரத்து ஏணியில் மூன்றாவது படியில் நின்று அழுதவளை நீதானே தூக்கி இறக்கினாய், உனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்று அவர் மேசையிலிருந்து விழாமல் இறங்கட்டும் என்றுதான் சரி சரி என்று தலையாட்டினேன். அதை இந்த மனிதர் முப்பத்துநாலு வருடம் சுமந்தால் நான் என்ன செய்ய? வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள், காலெல்லாம் வெடவெடத்தது. மெல்ல விலகி ரோட்டைத் தாண்டினேன். எதிரே ஒரு காப்பிக் கடை, வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். கோபுரக் காசை அப்படியே மேசையில் வைத்தேன். காப்பியும், பாதாம் தூவிய ஒரு கேக்கும், கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீரும் வந்தன. ஒரு மணி நேரம், அண்ணா. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கிளற வேண்டிய சட்டி எதுவும் இல்லை. நாய்க்காரம்மாள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனதை நன்றாகப் பார்த்தேன். எழுந்திருக்கத்தான் நினைத்தேன், ஆனால் காப்பி சூடாக இருந்தது.

அவரிடம் மூச்சு விடாதே. வந்ததிலிருந்து முயல் கூண்டைக் கழுவும்போதுகூட விசில் அடிக்கிறார். நேற்றுப் புது யோசனை சொன்னார்: ரோமில் ஐந்நூறு படி ஏறிப் பார்க்கிற ஒரு கோயில் கூரை இருக்கிறதாம், வசந்தத்தில் பஸ் போகிறதாம், அதிலும் என்னை ஏற்றிவிடுவாராம். அவர் சொல்லி முடிக்கும் முன்னே சரி என்றுவிட்டேன். அங்கே காப்பி இன்னும் நன்றாக இருக்குமாம்.